விண்முகிலும் விண்மீனும்: சந்திரசேகர் ஆய்வுகள் - ஒரு மதிப்பீடு

சுப்பிரமணியன் சந்திரசேகர் என்னும் பெயரைக் கேட்ட அளவில் தமிழர் நினைவிற்கு வருவது ஓர் எண். எரிந்து முடிந்த விண்மீன் ஒன்று வெண்குறுமீனாக நிலைபெற வேண்டுமாயின், அதன் பொருண்மை ஞாயிற்றின் பொருண்மையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கிற்கு மேற்படலாகாது என்னும் எல்லையே அது. இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழாக்கிய சீதாலட்சுமி அம்மையாரின் மகன், சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்து 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோதே அக்கணக்கைத் தொடங்கியதும், 1935இல் எடிங்டன் அதனை எள்ளி மறுத்ததும், 1983இல் நோபல் பரிசு கிட்டியதும் பலகாலும் எழுதப்பெற்ற செய்திகள்.

எழுதத் தக்க செய்திகளே அவை. ஆயினும் அவ்வெண் விண்மீனின் முடிவைப் பற்றியது. விண்மீன் எங்ஙனம் பிறக்கிறது என்னும் வினாவிற்கு அடிப்படையான ஆய்வுகளையும் அவர் செய்துள்ளார். 1950 முதல் 1953 வரை வெளிவந்த அக்கட்டுரைகள் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வாயுவின் அமைப்பைப் பற்றியவை. தமிழர் பெருமையுடன் எடுத்துரைக்கும் பட்டியலில் அவை இடம்பெறுவது அரிது. அவற்றுள் எது நிலைத்தது, எது வீழ்ந்தது, எது ஆசிரியரே எண்ணாத இடத்திற் பயன்பட்டது என்று நிறுத்துப் பார்ப்பது, அவரை மீண்டும் ஒருமுறை வாழ்த்துவதினும் பயன் தருவதாகும்.

முகில் என்னும் உவமை

விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளி வெறுவெளி அன்று. ஹைட்ரஜன் வாயுவும், அதனிற் குறைந்த அளவில் ஹீலியமும், எடையில் நூற்றில் ஒரு பங்கே ஆகிய நுண்தூசியும் அங்கு உண்டு. அவை செறிந்த இடத்தை முகில் என்று வழங்குகின்றனர். அச்சொல்லைக் கேட்கும் மாணாக்கர் உள்ளத்தில் எழுவது, நண்பகல் கழிந்தபின் தித்திவங்சா மலைத்தொடர்ப் பக்கம் திரண்டெழுந்து, கிள்ளான் பள்ளத்தாக்கில் மழையாய்ப் பொழியும் கார்முகில். அதற்கு விளிம்பு உண்டு. இது முகில், அது வானம் என்று விரல் நீட்டிக் காட்டலாம்.

விண்முகிலோ அத்தகையது அன்று. கடல்மட்டத்துக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உள. விண்முகிலில் அதே அளவு இடத்தில் இருப்பவை சில நூறு முதல் சில ஆயிரமே. மிகச் செறிந்த கருப்பகுதிகளில் இலட்சக்கணக்கில் இருக்கலாம். அதன் உட்பகுதியின் வெப்பநிலை ஏறத்தாழ சுழிக்குக் கீழ் 263 பாகை செல்சியஸ். பொருத்தமான உவமை வேண்டுமாயின் இந்நாட்டு மக்கள் நன்கறிந்த புகைமூட்டத்தைக் கூறலாம். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகப் பகுதியில் நெருக்கடி நிலையை அறிவிக்கும் அளவிற்குப் புகை செறிந்தது. அத்தகைய புகை எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்று கோடு கிழிக்க இயலாது. ஓரிடத்திற் செறிந்தும், மற்றோரிடத்தில் மெலிந்தும், தொடர்ந்து பரவிக் கிடக்கும். அதனூடே காணும் ஞாயிறு ஒளி குன்றிச் செந்நிறம் கொள்வது போலவே, விண்தூசியினூடே வரும் விண்மீன் ஒளியும் குன்றிச் சிவக்கிறது.

உவமையைப் பற்றி இத்துணை கூறுவதற்குக் காரணம் உண்டு. பிழையான உவமை பிழையான விளக்கத்தைப் பெறும். "முகில் ஒன்று தன் ஈர்ப்பாற் சுருங்கும், சுருங்கச் சுருங்கச் சூடேறும், முடிவில் விண்மீனாகும்" என்பது பொதுவாகக் கற்பிக்கப்படும் விளக்கம். இதன் வேர் 1902இல் ஜேம்ஸ் ஜீன்ஸ் எழுதிய ஆய்வில் உள்ளது. வாயுவின் வெப்பம் அதனை விரிக்க முயல்கிறது. ஈர்ப்பு சுருக்க முயல்கிறது. வாயு குளிர்ந்தும் செறிந்தும் இருந்தால், சிறு பொருண்மையும் ஈர்ப்பின் பக்கம் சாய்ந்துவிடும். இந்த அளவுகோல் இன்றும் பயன்படுவதே. ஆனால் அது எங்கும் ஒரே சீராகப் பரவி, அசைவின்றிக் கிடக்கும் வாயுவை எடுத்துக்கொண்டு வகுக்கப்பட்டது. அத்தகைய வாயு வானத்தில் யாண்டும் இல்லை.

இக்குறைபாடு சிறிதன்று என்பதை இரண்டு கணக்குகள் காட்டும். நம் பால்வீதியில் உள்ள மூலக்கூற்று வாயு ஏறத்தாழ 100 கோடி ஞாயிறுகளின் பொருண்மை உடையது. அது தடையின்றிச் சுருங்குமாயின், சில பத்து இலட்சம் ஆண்டுகளில் முடிந்துவிடும். ஆண்டொன்றுக்கு நூற்றுக்கணக்கான ஞாயிறுகளுக்கு ஒப்பான பொருள் விண்மீனாக வேண்டும். உண்மையில் ஆண்டொன்றுக்கு ஆவது ஓரிரு ஞாயிற்றளவே. இம்முரண்பாடு 1974இல் தெளிவாக எடுத்துக் காட்டப்பட்டது. இஃது ஒன்று.

மற்றொன்று, ஓரியன் பகுதியில் உள்ள பெருமுகிலையும் பெர்சியஸ் பகுதியில் உள்ள கலிபோர்னியா முகிலையும் ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஆய்வு. இரண்டும் ஏறத்தாழ ஓர் இலட்சம் ஞாயிறுகளின் பொருண்மை உடையவை; தொலைவிலும் பெரிதும் வேறுபாடில்லை. ஆயினும் ஓரியனில் காணப்படும் இளமீன்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே கலிபோர்னியா முகிலில் உள்ளன. எடை ஒன்றாக இருக்க விளைவு வேறுபடுவானேன்? ஓரியனில் செறிந்த பகுதி மிகுதி, மற்றதிற் குறைவு. ஆகவே எத்துணை வாயு இருக்கிறது என்பதைவிட, அவ்வாயு எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதே விண்மீன் பிறப்பை உறுதி செய்கிறது. இக்கருத்தை உள்ளத்திற் கொண்டே சந்திரசேகரின் கட்டுரைகளை அளந்து பார்த்தல் வேண்டும்.

நிலைத்தது

பால்வீதி எங்கும் ஒரே ஒளியுடன் தோன்றுவதில்லை. இடைநிற்கும் தூசி சில இடங்களில் மிகுதியாகவும் சில இடங்களில் குறைவாகவும் ஒளியை மறைக்கிறது. அந்த ஏற்றத்தாழ்வைக் கொண்டே தூசியின் அமைப்பைக் கணிக்கலாம் என்று வழிகாட்டியவர் சோவியத் நாட்டு அறிஞர் அம்பார்ட்சூமியன். அவர் தனித்தனி முகில்கள் சிதறிக் கிடப்பதாகக் கொண்டார். சந்திரசேகரும் அவர் மாணாக்கராயிருந்த மெக்சிக்கோ நாட்டவர் குயிடோ மூன்ச்சும் 1950 முதல் 1952 வரை ஐந்து கட்டுரைகளில் அவ்வழியை விரித்தனர். முதலில் அவர்களும் தனி முகில்களை வைத்தே கணக்கிட்டனர். பின்னர் அக்கருத்தை விடுத்து, வாயுவின் அடர்த்தி தொடர்ந்து ஏறியும் இறங்கியும் செல்வது என்று கொண்டனர். ஓரிடத்து அடர்த்திக்கும் சற்றுத் தள்ளியுள்ள மற்றோரிடத்து அடர்த்திக்கும் எத்துணைத் தொடர்பு உண்டு, தொலைவு கூடக்கூட அத்தொடர்பு எங்ஙனம் தேய்கிறது என்பதே அவர்கள் எழுப்பிய வினா.

மழைமுகில் உவமையைக் கைவிட்டுப் புகைமூட்ட உவமைக்கு வந்ததற்கு ஒப்பாகும் இது. அன்று கருவிகள் இதற்குப் போதவில்லை. ஆதலின் அவர்கள் கண்ட அளவுகள் இன்று எவருக்கும் தேவையில்லை. ஆனால் வினாவை அமைத்த முறை நிலைத்துவிட்டது. முகில்களின் எண்ணிக்கையைக் கேளாமல், அடர்த்தி எந்த அளவில் எவ்வெவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது என்று கேட்பதே இற்றை நாள் ஆய்வாளர் வழக்கம். ஐந்து கட்டுரைகளின் உண்மைப் பயன் இதுவே.

வீழ்ந்தது

1951இல் சந்திரசேகர் கொந்தளிக்கும் வாயுவுக்கு ஜீன்ஸ் அளவுகோல் எங்ஙனம் மாறும் என்று ஆராய்ந்தார். வாயு அசைவற்றது என்னும் குறையை நீக்க முற்பட்ட முயற்சி அது. கொந்தளிப்பு வெப்பத்தைப் போலவே வாயுவை விரிக்க முயலும் என்பது அவர் கொண்ட முடிபு. எனவே ஒலிவேகத்தின் இருமடியோடு, கொந்தளிப்பு வேகத்தின் சராசரி இருமடியில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டால் போதும் என்றார். கொந்தளிப்பு மிகுந்தால் சுருங்குதற்கு வேண்டிய பொருண்மையும் மிகும். விண்மீன் பிறப்பது அரிதாகும்.

கணக்கில் வழுவில்லை, எடுத்துக்கொண்ட நிலையே பொருந்தவில்லை. ஒலிவேகத்திற் குறைந்த, சிறு சுழிகளாலாகிய கொந்தளிப்பிற்கே அம்முடிபு ஏற்றது. விண்முகிலின் குளிரில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 0.2 கிலோமீட்டர். அதனுள் வாயு பாயும் வேகமோ ஒன்று முதல் சில கிலோமீட்டர் வரை. ஒலியினும் விரைந்த நீரோட்டங்கள் ஒன்றோடொன்று மோதினால் வாயு விரிவதற்கு மாறாக நசுங்கிச் செறியும். கொந்தளிப்பு முகிலை முழுமையாக நோக்கும்போது தாங்கியும், அதன் உள்ளிடங்களில் அடர்ந்த மடிப்புகளைப் படைத்தும், இருவேறு தொழில் செய்கிறது. ஒரே பொருள் தடையாகவும் துணையாகவும் ஆகிறது.

இதனை எவரும் அன்று உணரவில்லை என்று கூறுவதற்கில்லை. அதே 1951இல் செருமானிய அறிஞர் வைட்செக்கர், ஒலியினும் விரைந்த கொந்தளிப்பே வாயுவை முகில்களாகச் செறிக்கிறது என்று எழுதினார். அவருடைய கட்டுரையில் கணிதச் செறிவு சந்திரசேகருடையதை நோக்கக் குறைவு. ஆயினும் இயற்கையின் போக்கு அவர் பக்கமே இருந்தது. முகிலின் அளவு பெருகப் பெருக அதன் உள்வேகமும் ஒரு முறைப்படி பெருகுகிறது என்று 1981இல் ரிச்சர்டு லார்சன் காட்டிய பின்னர், கொந்தளிப்பை வெறும் தாங்கியாக மட்டும் கருத இடமில்லாது போயிற்று. முற்றத் தீர்க்கத் தக்க வடிவில் வினாவைச் சுருக்கிக்கொள்வது சந்திரசேகரின் ஆற்றல்; அவ்வாறு சுருக்கும்போது வினாவின் ஒரு பாதி வெளியே நின்றுவிடுவதும் உண்டு என்பதற்கு இக்கட்டுரை சான்று.

எண்ணாத இடத்திற் பயன்பட்டது

1953இல் சந்திரசேகரும் சிக்காகோவில் உடன் பணியாற்றிய என்ரிக்கோ பெர்மியும் இணைந்து இரண்டு கட்டுரைகள் வெளியிட்டனர். அவற்றின் முன்கதையே சுவையானது. வெப்பம் மிக்க விண்மீன்களின் விளிம்பிலிருந்து வரும் ஒளி ஒரு திசைப்பட்ட அதிர்வுடையதாய் இருக்கும் என்று 1946இல் சந்திரசேகர் கணித்திருந்தார். அதனைத் தேடப் புகுந்த ஹில்ட்னரும் ஹாலும் 1949இல் கண்டது வேறொன்று. ஒளியின் அவ்வியல்பு விண்மீனிற் பிறவாமல், இடைவழியில் உள்ள தூசியாற் பிறந்தது. நீண்ட தூசித் துகள்களைக் காந்தப்புலம் ஒரு திசைப்பட நிறுத்தியிருந்தாலன்றி அது நிகழாது. இவ்வாறு விண்வாயுவில் காந்தப்புலம் உண்டென்பது தெரிய வந்தது.

அப்புலத்தின் வலிமையை அளப்பது எங்ஙனம்? இறுக முறுக்கிய கயிறு காற்றில் அசையாது. தளர்ந்த கயிறு ஆடும். வலிய காந்தப்புலத்தின் கோடுகள் கொந்தளிப்பில் நேராக நிற்கும். மெலிந்தவை வளைந்து நெளியும். நெளிவின் அளவும், வாயுவின் அடர்த்தியும், அதன் வேகமும் தெரிந்தால் புலத்தின் வலிமை தெரிந்துவிடும். இம்முறையில் அவர்கள் பெற்றது ஏறத்தாழ 7 மைக்ரோகாஸ். 1951இலேயே லெவெரெட் டேவிஸ் இவ்வழியைச் சுட்டியிருந்தமையால் இன்று மூவர் பெயராலும் இம்முறை வழங்குகிறது. எழுபது ஆண்டு கடந்தும் ஆய்வாளர் இதனைக் கைவிடவில்லை. ஆனால் இது புலத்தை மிகுத்துக் காட்டுவது. பெற்ற விடையை ஏறத்தாழப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும் என்று 2001இல் கணிப்பொறி ஆய்வு ஒன்று திருத்தியது. அதனை நிகழ்த்தியோருள் முதல்வர் ஈவ் ஆஸ்டிரைக்கர் அம்மையார். சந்திரசேகரின் மாணாக்கர் ஜெரிமையா ஆஸ்டிரைக்கரின் மகள்.

இரண்டாம் கட்டுரை இதனினும் ஆழமானது. நீண்ட உருளையாக அமைந்த வாயு தன் ஈர்ப்பால் எங்ஙனம் துண்டுபடும் என்பதை அது ஆராய்ந்தது. சந்திரசேகரும் பெர்மியும் எண்ணியது பால்வீதியின் சுருள்கைகளை. அவற்றையே நீண்ட உருளையாகக் கொண்டனர். அமுக்க இயலாத பொருளாலாகிய உருளை, தன் அகலத்தைப் போல் ஐந்து மடங்கிற்குச் சற்று மேற்பட்ட இடைவெளிகளில் முடிச்சு முடிச்சாகத் திரளும் என்றும், உருளையின் நெடுக்கில் ஓடும் காந்தப்புலம் அதனைத் தாமதப்படுத்தும் என்றும் கண்டனர்.

சுருள்கைக்கு அக்கணக்கு பெரிதும் உதவவில்லை. ஆனால் மேற்கூறிய ஜெரிமையா ஆஸ்டிரைக்கர் 1964இல் ஒரே வெப்பநிலையுள்ள வாயு உருளையின் நிலைப்பை ஆராய்ந்தார். அத்தகைய உருளை, ஒரு குறித்த நீளத்தில் ஒரு குறித்த எடைக்குமேல் தாங்காது. விண்முகிலின் குளிரில் அவ்வெல்லை, ஓர் ஒளியாண்டு நீளத்திற்கு ஏறத்தாழ 5 ஞாயிற்றுப் பொருண்மை.

நாற்பத்தைந்து ஆண்டுகள் இது கணிதமாகவே நின்றது. 2009 மே மாதம் ஏவப்பட்டு 2013 வரை இயங்கிய ஹெர்ஷல் விண்தொலைநோக்கி, குளிர்ந்த தூசியின் வெப்பக் கதிரைக் கொண்டு முகில்களைப் படம் பிடித்தது. எங்கு நோக்கினும் இழைகள்! முகில் என்று பேசப்பட்டது, பஞ்சுப் பொதியைப் போலன்றி, சிக்குண்ட நூற்பந்து போல் தோன்றிற்று. 2010இல் வெளிவந்த ஒப்பீடு தெளிவானது. திருவோண விண்மீன் உள்ள கழுகுத் தொகுதியின் முகிலில் பல இழைகள் மேற்கூறிய எல்லையைக் கடந்து கனத்திருந்தன. விண்மீனாகப் போகும் கருக்களிற் பெரும்பாலானவை அவ்விழைகளின்மீதே, கோத்த மணிகளைப் போல் அமைந்திருந்தன. துருவமீன் திசையில் உள்ள முகிலிலும் இழைகள் நிரம்ப உண்டு. ஆனால் அவை எல்லைக்குக் கீழ்ப்பட்டவை. அங்கு விண்மீனாகும் கரு காணப்படவில்லை. சுருள்கைக்கென 1953இல் வகுத்த வழி, அதனிற் பல்லாயிர மடங்கு சிறிய இழைக்குப் பொருளுடையதாயிற்று.

இதனை மிகைபடக் கூறுதலும் தகாது. இழைகள் அனைத்தும் ஒளியாண்டில் மூன்றில் ஒரு பங்கே அகலம் உடையன என்று முதலில் கூறப்பட்டது. அவ்வொருமை உண்மையா, அளந்த முறையால் தோன்றியதா என்பதில் கருத்து வேறுபாடு தீரவில்லை. கருக்கள் எப்போதும் சீரான இடைவெளியில் அமைவதுமில்லை. செறிந்த இழைகள் காந்தப்புலத்திற்குக் குறுக்காகவே பெரிதும் கிடக்கின்றன என்பது பிளாங்க் விண்கலத்தின் தரவுகளிலிருந்து 2016இல் தெரிய வந்தது; சந்திரசேகரும் பெர்மியும் கணித்ததோ நெடுக்கில் ஓடும் புலத்தை. ஆயினும் சீரான காந்தப்புலம் எத்துணை வலியதாயினும் ஈர்ப்புச் சுருக்கத்தை முற்றும் தடுக்காது, கோடுகளின் வழியே வாயு வழிந்து திரளலாம் என்று அதே கட்டுரை நிறுவியதை இங்கு நினைத்தல் வேண்டும். குறுக்கே கிடக்கும் இழைகள் அதற்கு முரணாகா.

வகுப்பறைக்கு வேண்டியது

தை இறுதியிலும் மாசித் தொடக்கத்திலும், இரவு ஒன்பது மணி அளவில், பெட்டாலிங் ஜெயாவில் நிற்பவர் தலைக்கு நேர் மேலே ஓரியனின் மூன்று இடைமீன்களைக் காண்பர். நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்நகருக்கு வாய்த்த பேறு அது. திருவாதிரையும் மிருகசீரிடமும் அவ்வுருவத்தின் பகுதிகளே. இடைமீன்களுக்குத் தெற்கே மங்கலாய்த் தோன்றும் ஒளிப்படலம் ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள விண்மீன் பேறுகாலக் கூடம். நகர விளக்கொளியில் வெறுங்கண்ணுக்குத் தெரியாவிடினும் சிறு இருகண்நோக்கி போதும். அதற்குப் பின்னே நீண்ட இழை ஒன்றில் வாயு செறிந்திருக்கிறது. கனத்த விண்மீன்கள் அங்குக் கூட்டமாய்ப் பிறக்கின்றன. சற்று வடமேற்கே, ரோகிணிக்கு வடக்கிலும் கார்த்திகைக்குக் கிழக்கிலும், ஏறத்தாழ 450 ஒளியாண்டுத் தொலைவில் மற்றொரு முகில் உண்டு. கண்ணுக்கு அங்கு ஒன்றும் தோன்றாது. அதன் மெல்லிய இழைகளில் ஞாயிற்றை ஒத்தனவும் அதனிற் சிறியனவுமான விண்மீன்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ப் பிறக்கின்றன. அமைப்பு வேறு, ஆதலின் பிறப்பும் வேறு. ஒரே இரவில் ஒரே வானத்தில் இரண்டையும் சுட்டிக் காட்டக்கூடிய ஆசிரியருக்கு வேறு படம் வேண்டா.

வேண்டுவது சொல். 2003இல் இந்நாட்டுப் பள்ளிகளில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்திற் கற்பிக்கும் கொள்கை வந்தது. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. 2009இல் அதனைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. இடையறுந்த பழக்கத்தை மீண்டும் தொடுக்கும்போது, பழைய சொற்களை அவ்வாறே எடுத்துக்கொள்ளுதல் எளிது. முகில் என்னும் சொல்லை நீக்க வேண்டுவதில்லை, அது வேரூன்றிவிட்டது. ஆனால் அதன் உள்ளே இழை, முடிச்சு, கரு என்னும் சொற்களையும் சேர்த்து வழங்குதல் வேண்டும். மூன்றும் நூல் நூற்போரும் உழவரும் அறிந்த சொற்கள். புதிதாய்ப் புனைய வேண்டியவை அல்ல. "முகில் சுருங்கி விண்மீனாகிறது" என்பதற்கு மாறாக, "முகிலில் வாயு இழைகளாய்த் திரள்கிறது, கனத்த இழை முடிச்சுகளாய்ப் பிரிகிறது, முடிச்சின் கரு சுருங்கி விண்மீனாகிறது, எஞ்சிய பெரும்பகுதி மீண்டும் வெளியிற் கலக்கிறது" என்று கூறினால், பத்து வயது மாணாக்கருக்கும் விளங்கும், உண்மைக்கும் அருகில் நிற்கும்.

சந்திரசேகரைப் பற்றிய தீர்ப்பும் இதனோடு இயைந்ததே. இத்துறையில் அவர் இறுதி விடை எதனையும் தரவில்லை. வாயுவின் அமைப்பை அளவிட்டுரைக்கும் முறையையும், காந்தப்புலத்தை அளக்கும் கோலையும், உருளை துண்டுபடும் கணக்கையும் தந்தார். அவற்றுள் ஒன்றை மாணாக்கர் வளர்த்தார். மற்றொன்றை அம்மாணாக்கரின் மகள் திருத்தினார். கொந்தளிப்புக் கணக்கைப் பிறர் விலக்கினர். 1.4 என்னும் எண்ணை மாணாக்கர் மனப்பாடம் செய்தல் எளிது. ஓர் ஆய்வு வளர்வதும், திருத்தப்படுவதும், விலக்கப்படுவதும் எங்ஙனம் என்று அறிய விரும்பும் மாணாக்கருக்கு இந்நான்கு ஆண்டுக் கட்டுரைகளே சிறந்த பாடமாகும்.